‘ஆண்கள் பிரிவு’ என்று எழுதிவிடாதீர்கள்: இ-ஸ்போர்ட்ஸ் விதி வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய விளையாட்டு அமைச்சக அதிகாரிகளுக்கும், இ-ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், போட்டிகளை நடத்துகிற நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

கோவையில் கல்லூரி அளவிலான வீடியோ கேம் போட்டிகளுக்கு அட்மினாக இருக்கிறேன். பதிவுப் படிவம் தயாரிப்பது, யாரோடு யார் மோதுவது என்று பிராக்கெட் போடுவது, ஐடி சரிபார்ப்பது, மேட்ச் நடுவில் தகராறு வந்தால் தீர்ப்பது எல்லாம் என் வேலை. நீங்கள் மேலே எழுதும் ஒரு வரி, கீழே என் படிவத்தில் ஒரு கட்டமாக வந்து நிற்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பெண்கள் பதிவு செய்கிறார்கள், எத்தனை பேர் பக்கத்தை மூடிவிட்டுப் போகிறார்கள் என்பதை நேரில் பார்க்கும் இடத்தில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸை, அதாவது திறமையை மட்டும் வைத்து ஆடும் வீடியோ கேம் போட்டிகளை, முறையான போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டதும் அதே சட்டம்தான். முடிவு எதனால் தீர்மானிக்கப்பட வேண்டும் என்று அதில் ஒரு விளக்கம் இருக்கிறது: உடல் லாவகம், மனக்கூர்மை, வியூகச் சிந்தனை, இவை போன்ற திறன்கள் மட்டுமே. ஆண், பெண் என்ற பேச்சே அந்த விளக்கத்தில் கிடையாது. படித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஆனால் சட்டத்தில் இல்லாதது விதிகளில் புகுந்துகொள்வது நம் நாட்டில் புதிதல்ல. தடகளம், கபடி, பேட்மின்டன் எல்லாவற்றுக்கும் ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவு என்று ஏற்கெனவே படிவங்கள் இருக்கின்றன. அதிலேயே விளையாட்டின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. நான் கேட்பது ஒன்றைத்தான். ‘ஆண்கள் பிரிவு’ என்ற ஒன்று எந்த இ-ஸ்போர்ட்ஸ் விதியிலும் வரக்கூடாது. முதன்மைப் போட்டி எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். பெண்களுக்கென்று போட்டிகள் அதன் கூடவே நடக்கட்டும், அங்கிருந்து பொதுப் போட்டிக்குள் வரும் வழியும் திறந்திருக்கட்டும்.

இது நடக்காத ஒன்றை நினைத்துப் பயப்படுவது அல்ல. ஒருமுறை நடந்தே இருக்கிறது.

2014 ஜூலையில் பின்லாந்தில், அசெம்ப்ளி என்ற பெரிய கணினித் திருவிழாவில் ஹார்த்ஸ்டோன் தகுதிச் சுற்று அறிவிக்கப்பட்டது. அதில் ஆண்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று போட்டிருந்தார்கள். காரணம் கேட்டால், இது அஜர்பைஜானின் பாகு நகரில் நடக்கவிருக்கும் உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்று, அங்கே விதி அப்படி, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். அந்த உலகப் போட்டியை நடத்தியது தென்கொரியாவில் தலைமையகம் கொண்ட சர்வதேச இ-ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு. டோட்டா 2, ஹார்த்ஸ்டோன், ஸ்டார்கிராஃப்ட் 2, அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 ஆகிய நான்கும் அவர்கள் பட்டியலில் ஆண்களுக்கு. ஸ்டார்கிராஃப்ட் 2, டெக்கன் இரண்டும் பெண்களுக்கு. ஹார்த்ஸ்டோன் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது ஒரு சீட்டாட்டம். திரையில் அட்டைகளை மவுஸால் இழுத்து வைப்பார்கள், அடுத்தவர் ஆட்டம் முடியும்வரை காத்திருப்பார்கள். அதற்கு என்ன தோள்வலிமை வேண்டும்?

கூட்டமைப்பு இரண்டு காரணம் சொன்னது. பெண் வீரர்களை ஊக்குவிக்க வேண்டும் என்பது ஒன்று. மற்ற விளையாட்டுகளைப் போல நாமும் பிரிவுகள் வைத்தால்தான் உலக விளையாட்டு அமைப்புகள் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக மதிக்கும் என்பது இன்னொன்று. முதல் காரணத்தில் நல்லெண்ணம் இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் டோட்டா 2-இல் கெட்டிக்காரியான ஒரு பெண்ணுக்கு அந்த ஊக்குவிப்பால் என்ன கிடைத்தது? அவளுக்கு அந்த ஆட்டத்தில் பெண்கள் போட்டியும் இல்லை, ஆண்கள் போட்டியில் இடமும் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய ஓரிரு நாளிலேயே கூட்டமைப்பு இறங்கிவந்தது. ஆண்கள் போட்டிகள் எல்லாம் ‘அனைவருக்கும்’ என்று மாறின, பெண்கள் போட்டிகள் அப்படியே தொடர்ந்தன. முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய விதி அதுதான்.

இரண்டாவது காரணம்தான் எனக்குக் கவலை. அங்கீகாரம் வேண்டும் என்ற அதே ஆசை இன்று நம்மிடமும் இருக்கிறது. 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்ததிலிருந்து, நாமும் மற்ற விளையாட்டுகளைப் போலத் தெரிய வேண்டும் என்ற அவசரம் எல்லாக் கூட்டங்களிலும் தெரிகிறது.

‘செஸ்ஸில் பெண்களுக்குத் தனிப் பிரிவு இல்லையா’ என்று உடனே கேட்பார்கள். பின்லாந்து விவகாரத்திலும் இந்த வாதம் வந்தது. தமிழ்நாட்டுக்காரர்களிடம் செஸ்ஸைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. செஸ்ஸில் இருப்பவை எல்லாரும் ஆடக்கூடிய ஓப்பன் பிரிவும் பெண்கள் பிரிவும். ஆண்கள் பிரிவு என்று ஒன்று இல்லை. மாமல்லபுரத்தில் 2022-இல் ஒலிம்பியாட் நடந்தபோதும் அப்படித்தான் பலகை வைத்திருந்தார்கள். ஹங்கேரியின் ஜூடித் போல்கர் பெண்கள் உலகச் சாம்பியன் பட்டத்துக்கு ஒருமுறைகூட ஆடியதில்லை. பொதுப் போட்டிகளிலேயே ஆடி, 2002-இல் அன்றைய உலக முதல்நிலை வீரர் காஸ்பரோவை வென்று, 2005-இல் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம்வரை போனார். நம் சென்னை வைஷாலியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான கிராண்ட் ஸ்விஸ் தொடரை 2023-இல் வென்றார், அதன் வழியாகவே உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க டொராண்டோவில் நடந்த பெண்கள் கேண்டிடேட்ஸ் தொடருக்குப் போனார். அதே வைஷாலி கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய 2500 ரேட்டிங்கைத் தாண்டியது, ஸ்பெயினில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடிய ஓப்பன் தொடரில். இரண்டு வழியும் திறந்திருந்ததால் இரண்டிலும் நடந்தார். செஸ்ஸை உதாரணம் காட்டுவதானால் முழுதாகக் காட்டுங்கள்.

பெண்களுக்குக் கதவைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒலிம்பிக்கிலேயே சாட்சி இருக்கிறது. 1992 பார்சிலோனாவில், பறக்கும் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் துப்பாக்கிச் சுடுதல் இருபாலருக்கும் பொதுவாக நடந்தது. சீனாவின் ஜாங் ஷான் ஆண்களைத் தாண்டித் தங்கம் வென்றார். 1996 அட்லாண்டாவில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றானது, பெண்களுக்குத் தனிப் போட்டியும் வைக்கவில்லை. தங்கம் வென்றவர் தன் பட்டத்தைக் காக்கப் போக ஒரு போட்டியே இல்லை. பெண்கள் ஸ்கீட் வருவதற்கு 2000 சிட்னிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதவைப் பூட்டுவது சுலபம், பெண்கள் மறுபடி ஸ்கீட் ஆட எட்டு வருடம் ஆனது.

நம் துறைக்கே வருகிறேன். 2018 பிப்ரவரியில், பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, அங்கேயே ஒரு பெரிய ஸ்டார்கிராஃப்ட் 2 தொடர் நடந்தது. ஸ்கார்லெட் என்ற பெயரில் ஆடும் கனடாவின் சாஷா ஹோஸ்டின், கொரியாவின் முன்னாள் உலகச் சாம்பியன் ஒருவரை 4-1 என்று இறுதியில் வென்றார். அந்த விளையாட்டில் கொரியர்களை அவர்கள் மண்ணிலேயே வெல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2019 நவம்பர், கலிஃபோர்னியாவின் அனஹைம். ஹார்த்ஸ்டோனை உருவாக்கிய நிறுவனம் நடத்தும் பிளிஸ்கான் விழா மேடையில் ஹார்த்ஸ்டோன் உலக இறுதி. ஐந்து வருடம் முன்பு பின்லாந்தில் எந்த ஆட்டத்துக்குப் பெண்களை வரிசையிலேயே சேர்க்கவில்லையோ, அதே ஆட்டம். வீகேலியூன் என்ற பெயரில் ஆடும் சீனாவின் லி ஷியாவ்மெங், இறுதியில் ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுக்காமல் 3-0 என்று வென்றார். பரிசு 2 லட்சம் டாலர். மேடையில் மைக்கைக் கொடுத்ததும் அவர் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். இரண்டு வருடம் முன்பு ஒரு போட்டியில் பெயர் கொடுக்க வரிசையில் நின்றபோது, ஒரு ஆண் அவரிடம், பெண்ணாக இருந்தால் இந்த வரிசையில் நிற்காதே, இது உனக்கில்லை என்றாராம். சாம்பியன் கோப்பை பக்கத்தில் இருக்க, உலகம் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு முதலில் நினைவு வந்தது அந்த வரிசைதான். ஆடும் பெண்களிடம் அவர் சொன்னதும் அதைத் தொடர்ந்துதான்: நீ பெண் என்பதை மறந்துவிட்டு இறங்கி ஆடு.

வரிசையில் நின்ற அந்த ஆணிடம் அதிகாரம் எதுவும் இல்லை. அதனால் அவர் சொன்னதை மீறி லி உள்ளே போக முடிந்தது. அதே வாக்கியத்தை நீங்கள் விதியாக எழுதினால் என் போன்ற அட்மின்கள்தான் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் பெண்களுக்கென்று தனிப் போட்டியே எதற்கு, எல்லாரும் ஒன்றாகவே ஆடட்டுமே’ என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் மைக்கில் இருக்கிறது.

ஒரு கல்லூரி லேபில், போட்டிக்கு முந்தைய மாலை, ஒரு மாணவி வாலரண்ட் என்ற சுடும் ஆட்டத்தில் ரேங்க்டு, அதாவது தரவரிசைக்கான மேட்ச், ஆடிக்கொண்டிருந்தாள். ஸ்மோக் போட்டு வழி மறைக்கும் பொறுப்பு அவளுக்கு. டீமில் மற்ற நான்கு பேரும் முகம் தெரியாதவர்கள். எதிரி மூன்று பேர் ‘பி சைட்’ என்ற இடத்துக்கு வருவதை அவள்தான் முதலில் பார்த்தாள். பேசியிருந்தால் ஒரு நொடி. அவள் ஹெட்செட்டின் மைக்கோ மேலே மடக்கியபடி இருந்தது. இடது கையை நகர்த்தும் பட்டன்களிலிருந்து எடுத்து, எழுதி அனுப்பும் சாட் பெட்டியைத் திறந்து, ‘பி’ என்றும் ‘3’ என்றும் அடித்து முடிப்பதற்குள் அவள் கதாபாத்திரம் நின்ற இடத்திலேயே செத்தது. டீம்காரன் ஒருவன் மைக்கில் திட்டினான், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று. நான் பின்னாலிருந்து, ‘ஏன் கண்ணு, பேச வேண்டியதுதானே?’ என்றேன். திரும்பாமலே சொன்னாள்: ‘பேசுனா அப்பறம் ஆட்டம் நடக்காதுங்க்கா. கல்யாணம் ஆயிருச்சா, எந்த ஊரு, நம்பர் குடுன்னுதான் ஓடும். தோத்தா கெட்ட வார்த்தை.’

இது அவள் ஒருத்தியின் கதை அல்ல. ஹேலோ 3 என்ற சுடும் ஆட்டத்தில் முன்பே பதிவு செய்த ஆண் குரலையும் பெண் குரலையும் ஒலிக்கவிட்டு, வரும் பதில்களை அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 2013-இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஆண் குரலுக்கு வந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வசவு பெண் குரலுக்கு வந்தது. அதே ஆட்டத்தை வைத்து 2015-இல் வந்த வேறொரு ஆய்வு இன்னும் ஒன்றைக் காட்டியது: பெண் குரலிடம் அதிகம் சீறுகிறவர்கள் மோசமாக ஆடும் ஆண்கள். நன்றாக ஆடுகிறவர்களிடம் அந்தச் சீற்றம் குறைந்தது. இதை நினைத்துப் பாருங்கள். புதிதாக ஆடத் தொடங்கும் பெண் எந்த ரேங்கில் இருப்பாள்? கீழ் ரேங்கில். அங்கேதான் சீறுகிறவர்களும் இருக்கிறார்கள். மேலே போனால் கொஞ்சம் மூச்சுவிடலாம், ஆனால் மேலே போவதற்கு முன்பே பாதிப் பேர் மைக்கை மடக்கிவிடுகிறார்கள், மீதிப் பேர் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். இறுதிச் சுற்றில் பெண்கள் இல்லையே, அவர்களுக்குத் திறமை இல்லையோ என்று கேட்கிறவர்கள் இந்தக் கீழ்த்தளத்தைப் பார்ப்பதே இல்லை.

மேலே போய்ச் சேர்ந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. கொரியாவின் வீராங்கனை கெகுரிக்கு 2016-இல் 17 வயது. ஓவர்வாட்ச் என்ற சுடும் ஆட்டத்தில் குறி தப்பாமல் சுட்டதால், ஏமாற்று மென்பொருள் வைத்திருக்கிறாள் என்று எதிரணி வீரர்கள் குற்றம் சாட்டினார்கள். அது பொய்யானால் ஆட்டத்தையே விட்டுவிடுகிறோம் என்று இருவர் சவால் விட்டார்கள். அந்தப் பெண் ஸ்டூடியோவுக்கு வந்து, கைகளைக் கேமரா பார்க்க, நேரலையில் ஆடிக்காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபித்தார். 2018-இல் ஓவர்வாட்ச் லீக்கில் சேர்ந்த முதல் பெண்ணும் அவர்தான். ஒரு பையன் நன்றாகச் சுட்டால் கைதட்டுவோம். பெண் சுட்டால் சோதனை போடுவோம்.

ஆகவே தனிப் போட்டிகள் வேண்டும். சென்னை மின்சார ரயிலில் மகளிர் பெட்டி இருக்கிறது, மற்ற பெட்டிகளில் ‘ஆண்கள்’ என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஏறுகிற பெண் தனக்கு எது சௌகரியமோ அதில் ஏறுகிறாள். அவ்வளவுதான் நான் கேட்பதும்.

வாலரண்டை உருவாக்கிய ரயாட் நிறுவனம் 2021-இல் அந்த ஆட்டத்துக்காகத் தொடங்கிய கேம் சேஞ்சர்ஸ், பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட பாலினத்தவருக்குமான தொடர். அதில் ஷாப்பிஃபை ரெபெல்லியன் அணிக்காக 2023, 2024 என்று இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர் ஃபுளோரெசன்ட். 2025 பருவத்துக்கு, எல்லாரும் ஆடும் முதல் நிலை லீக்கில் இருந்த ஏபெக்ஸ் அணி அவரைச் சேர்த்தது. தனிப் போட்டி எதற்காக என்று கேட்பவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லலாம். ஆனால் அந்த வழியில் இதுவரை போனவர்கள் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற இன்னொரு சுடும் ஆட்டத்தில், போட்டிகள் நடத்தும் இ.எஸ்.எல். நிறுவனம் 2022-இல் தொடங்கிய பெண்கள் லீக்கான இம்பாக்ட், கட்டுப்படியாகவில்லை என்று 2025-உடன் நிறுத்தப்பட்டது. அதையே நம்பிப் பயிற்சி எடுத்தவர்கள் என்ன ஆவார்கள்? விளம்பரதாரர் தயவில் மட்டும் ஓடும் பெண்கள் போட்டி, விளம்பரதாரர் கையை விரித்ததும் நின்றுவிடும். அதனால்தான் இதை விதியிலும் அரசின் நிதியிலும் வையுங்கள் என்கிறேன்.

நம் ஊரில் பெண்கள் போட்டி என்றால் மார்ச் 8-ஐ ஒட்டி ஒன்று வைப்பார்கள். பிங்க் நிறத்தில் போஸ்டர் அடிப்பார்கள். பரிசுத்தொகை முதன்மைப் போட்டியின் ஒரு துண்டாக இருக்கும், நேரலை இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு போட்டியில் பெண்கள் இறுதியையும் பொதுப்பிரிவுத் தகுதிச் சுற்றையும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். இரண்டுக்கும் பெயர் கொடுத்திருந்த ஒரு பெண் எதையாவது ஒன்றை விட வேண்டியதாயிற்று. நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்டதற்கு, ‘அவங்களுக்குத்தான் தனியா வெச்சிருக்கோமே’ என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் எனக்குப் பயம். பெண்கள் போட்டி வைத்துவிட்டோம், இனி பொதுப் போட்டியில் உங்களுக்கு என்ன வேலை என்று நினைக்கத் தொடங்கினால், எழுதப்படாத ஆண்கள் பிரிவு உருவாகிவிட்டது என்று பொருள்.

2024 ஏப்ரலில் பிரதமர் நாட்டின் முன்னணி கேமர்களைச் சந்தித்தார். ஏழு பேர். அதில் பெண் ஒருவர், பாயல் தாரே. இந்த விகிதம் உங்கள் குழுக்களில் எப்படி இருக்கிறது? விதி எழுதும் மேசையில் ஆடும் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?

திருநங்கைகளையும் திருநம்பிகளையும் பற்றி விதியில் ஒரு வரிகூட இல்லாமல் விட்டுவிடாதீர்கள். சொல்லாமல் விட்டால் வாசலில் நிற்கும் அட்மின் முடிவு செய்வார், அது ஊருக்கு ஊர் மாறும். தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் நால்சா வழக்கில் சொல்லிவிட்டது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2023 ஆகஸ்டில், திருநங்கைகள் பெண்கள் பிரிவில் ஆடலாமா என்பதைத் தனித்தனியாக ஆராய்ந்து முடிவு சொல்வோம், அதற்கு இரண்டு ஆண்டுவரை ஆகலாம் என்று அறிவித்தது. உட்கார்ந்து காய் நகர்த்தும் ஆட்டத்துக்கு இப்படி ஒரு விதி. செஸ்ஸிடம் கற்றுக்கொள்ளச் சொன்ன நானே சொல்கிறேன், இதை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டாம். மருத்துவச் சான்று கேட்கும் வேலையை எங்கள் கையில் கொடுக்காதீர்கள்.

இனி நான் எதிர்பார்ப்பவை. அரசு நிதியிலோ அங்கீகாரத்திலோ நடக்கும் எந்தப் போட்டியிலும் முதன்மைப் பிரிவு ‘அனைவருக்கும்’ என்று பெயரிலேயே இருக்க வேண்டும். மாநில அளவில் பெண்கள் தொடர் ஆண்டு முழுக்க நடக்க வேண்டும், அதில் முதலிடம் வரும் அணிக்குப் பொதுப்பிரிவுத் தகுதிச் சுற்றில் ஒரு ஸ்லாட் உறுதியாக வேண்டும். இரண்டின் நேரமும் மோதக்கூடாது. குரல்வழி வசவுக்குத் தண்டனை விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்க வேண்டும்: ஆடுகிறவர்கள் கூடும் ஆன்லைன் அறையான போட்டி லாபியின் குரல் பதிவை அட்மின் சேமித்து வைக்கலாம் என்று அதிகாரம் கொடுங்கள், முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை வெளியேற்றம். ஏமாற்று மென்பொருளுக்கு இருக்கும் கண்டிப்பு இதற்கும் வேண்டும். பெண் மேல் ஏமாற்றுப் புகார் வந்தால், யார் மேல் வந்தாலும் செய்யும் அதே சோதனையை அதே முறையில் செய்யுங்கள். கேமரா முன்னால் ஆடிக்காட்டு என்று யாரும் கேட்கக்கூடாது.

படிவத்தில் பாலினம் கேட்கும் கட்டம் பெண்கள் போட்டிக்கு மட்டும் போதும். பொதுப் போட்டிக்கு ஐடியும் வயதும் ரேங்கும் இருந்தால் என் வேலை நடந்துவிடும்.

வரைவு விதிகளை இறுதி செய்வதற்கு முன் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வெளியிட்டு, கருத்துச் சொல்ல ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். கல்லூரி அணிகளில் ஆடும் பெண்களிடமும், படித்து முடித்து வீட்டிலிருந்து ஆடுகிறவர்களிடமும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்து, அவர்கள் சொல்வதை எழுதி அனுப்பும் வேலையை எங்கள் வட்டாரத்து அட்மின்கள் சார்பில் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
கல்லூரிப் போட்டி அட்மின் ஒருத்தி,
கோயம்புத்தூர்